மெடிசி வங்கியும் அதன் அயல்நாட்டுக் கிளைகளும் (1397 - 1494)

ஐரோப்பிய மறுமலர்ச்சியைப் பயிலும் மாணவர் எவரும் மெடிசி என்னும் பெயரைக் கடந்து செல்லல் இயலாது. புளோரன்ஸ் நகரின் மாளிகைகளும் ஓவியங்களும் சிற்பங்களும் அக்குடும்பத்தின் பெயரோடு இணைத்தே பேசப்படுகின்றன. ஆயின், கலைகளை வளர்த்த அப்பணம் எங்கிருந்து வந்தது, எவ்வாறு வந்தது, எங்கே போயிற்று என்னும் வினாக்களைப் பாடநூல்கள் ஓரிரு வரிகளில் முடித்துவிடுகின்றன. வங்கி என்பது அவற்றில் கலைஞர்க்கு வாரி வழங்கிய ஒரு பணப்பை மட்டுமே. இந்நோக்கு வரலாற்றுக்கு நியாயம் செய்வதன்று. பதினைந்தாம் நூற்றாண்டில் உரோமாபுரி முதல் இலண்டன் வரை கிளைகள் கொண்டிருந்த ஒரு நிறுவனம் தன்னளவிலேயே ஆய்வுக்குரியது.

இதற்கான சான்றுகளும் நெடுங்காலம் கிடைத்தில. 1950 ஆம் ஆண்டிலே புளோரன்ஸ் அரச சுவடிச்சாலையில் இவ்வங்கியின் மூன்று ‘இரகசியப் பேரேடுகள்’ கண்டெடுக்கப்பட்டன. 1397 முதல் ஏறத்தாழ 1450 வரையான மூலதனம், இலாபப் பங்கீடு ஆகியன இவற்றில் எழுதப்பட்டுள்ளன. இவற்றை ஆராய்ந்து றேமண்ட் டி றூவர் 1963 இல் வெளியிட்ட நூலே இன்றும் இத்துறையின் அடிப்படை நூலாகும். இக்கட்டுரையும் அவருக்குக் கடமைப்பட்டது. எனினும் ஓரிடத்தில் அவர் அழுத்தத்தோடு எனது அழுத்தம் வேறுபடும். அதனைப் பின்னர்க் காண்போம்.

மெடிசியர் புளோரன்சின் முதல் வங்கியாளர் அல்லர். அவர்க்கு ஒரு தலைமுறைக்கு முன் பார்டி, பெருசி என்னும் இரு குடும்பங்கள் அவரினும் பெரிய வணிகம் நடத்தின. இங்கிலாந்து மன்னன் மூன்றாம் எட்வேர்டுக்கு அவை பெருந்தொகை கடனாக வழங்கின. மன்னன் திருப்பிச் செலுத்தினானல்லன். பெருசி 1343 இலும் பார்டி 1346 இலும் வீழ்ந்தன. இந்நிகழ்ச்சியைப் புளோரன்ஸ் வணிகர் எவரும் மறந்தாரல்லர். மெடிசியர் அமைத்துக்கொண்ட நிறுவன முறையே அந்நினைவின் விளைவு எனலாம்.

ஜியோவன்னி டி பிச்சி டி மெடிசி உரோமாபுரியிலே உறவினர் ஒருவரின் வங்கியில் தொழில் பயின்றவர். 1397 இல் அவர் தமது தலைமையகத்தைப் புளோரன்சுக்கு மாற்றினார். தொடக்க மூலதனம் 10,000 புளோரின். அதில் 5,500 அவருடையது. 1402 இல் வெனிஸ் கிளை தோன்றிற்று. அதே காலத்திற் கம்பளித் தொழிலகமும் தொடங்கப்பட்டது. ஆயினும் உண்மையான வருவாய் புளோரன்சிலிருந்தன்று, உரோமாபுரியிலிருந்தே வந்தது. 1420 வரையான மொத்த இலாபத்திற் பாதிக்கும் மேற்பட்டது உரோமக் கிளையால் ஈட்டப்பட்டது. ஐரோப்பாவெங்கணும் ஆயர்களும் மடங்களும் பாப்பரசர்க்குச் செலுத்தவேண்டிய பணத்தைத் திரட்டி அனுப்புவதே அதன் தொழில். ‘உரோமக் கிளை’ என்று கூறினும் அது நகரத்துக்குரியதன்று. பாப்பரசர் எங்குச் சென்றாரோ அங்கெல்லாம் அக்கிளையும் பேரேடுகளோடு உடன் சென்றது. கொன்ஸ்ரன்ஸ் திருச்சங்கத்திற் பதவியிழந்த பல்தசாரே கோசாவை விடுவிக்கும் மீட்புப் பணத்தையும் மெடிசியரே 1419 இல் ஒழுங்குசெய்தனர். வீழ்ந்தவரைக் கைவிடாத வங்கி என்னும் பெயர் அவர்க்கு இதனாற் கிடைத்தது. அப்பெயருக்கும் வணிகத்தில் ஒரு பெறுமதி உண்டு.

ஈண்டு ஓர் ஐயம் எழும். வட்டி வாங்குதலைத் திருச்சபை பாவமெனத் தடுத்திருந்தது. அவ்வாறாயின் திருச்சபையின் வங்கியே எவ்வாறு இலாபமீட்டிற்று? விடை மாற்றுண்டியலில் உள்ளது. புளோரன்சில் ஒருவர் வங்கியிடம் புளோரின் பெற்று, இலண்டனிலே 90 நாட்களின் பின் பென்சாகச் செலுத்துவதாக உண்டியல் எழுதிக் கொடுப்பார். இலண்டனில் அப்பணம் பெறப்பட்டதும் வேறோர் உண்டியல் வழியாக மீண்டும் 90 நாட்களிற் புளோரன்சுக்குத் திரும்பும். ஒரு புளோரினுக்கு எத்தனை பென்ஸ் என்னும் விலை புளோரன்சிற் சிறிது உயர்ந்தும் இலண்டனிற் சிறிது தாழ்ந்தும் இருப்பது வழக்கம். எனவே சென்று திரும்பிய பணம் பெரும்பாலும் பெருகியே வரும். விலை மாறினால் நட்டமும் ஏற்படலாம். அந்த அபாயம் இருந்தமையாலேயே இது கடனன்று, நாணயமாற்று என இறையியலாளர் பலர் ஏற்றனர். வைப்பாளர்க்கும் வட்டி என்ற பெயரால் எதுவும் கொடுக்கப்படவில்லை. இலாபம் கிடைத்தால் வங்கி தன் விருப்பின்படி ‘கொடை’ வழங்கும். இதனை வெறும் பாசாங்கென்று ஒதுக்குவது எளிது. ஆயின் இதன் விளைவு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். உண்டியல் செல்வதற்கு இரண்டு நகரங்கள் வேண்டும். ஆகவே, அயல்நாட்டிற் கிளையோ முகவரோ இன்றிப் பதினைந்தாம் நூற்றாண்டு வங்கியாளர் கடன் கொடுத்து இலாபம் பெறுதல் அரிது. கிளை பரப்புதல் அவர்க்குப் பேராசையன்று. தொழிலின் இலக்கணமே அதுவாயிற்று.

ஜியோவன்னி 1429 இல் இறந்தார். மகன் கொசிமோ 1433 இல் நாடு கடத்தப்பட்டு மறு ஆண்டே திரும்பி நகரின் உண்மைத் தலைவரானார். அவரது காலத்திலே, பொது முகாமையாளர் ஜியோவன்னி பென்சியின் மதிநுட்பத்தால், வங்கி தன் உச்சத்தை அடைந்தது. ஜெனீவா, புரூஜ் (1439), பீசா (1442), இலண்டன், அவிஞ்ஞோன் (இரண்டும் 1446), இறுதியாக மிலான் எனக் கிளைகள் விரிந்தன. ஒவ்வொன்றும் தனித்தனிப் பங்குடைமை. தனி மூலதனம், தனிப் பேரேடு, தனி ஒப்பந்தம் கொண்டது. புளோரன்ஸ் தலைமையகம் பெரும்பங்கை வைத்திருக்க, கிளை முகாமையாளர் சிறுபங்கு இட்டு, அதன் விகிதத்திலும் கூடிய இலாபம் பெற்றார். ஒரு கிளை மூழ்கினும் மற்றவை மிதக்க வேண்டும் என்பதே நோக்கம்.

இவ்வமைப்பு நீதிமன்றத்திலும் சோதிக்கப்பட்டது. 1455 இல் தமியானோ றுபினி என்னும் மிலான் வணிகர் புரூஜ் கிளைமீது வழக்குத் தொடர்ந்தார். தாம் வாங்கிய ஒன்பது கம்பளிப் பொதிகள் சரிவரக் கட்டப்படாது பழுதுற்றன என்பது முறைப்பாடு. கிளையின் சார்பில் நின்ற தொமாசோ போர்ட்டினாரி, பொதிகளை விற்றது இலண்டன் கிளையே என்றார். இரண்டும் ஒரே எசமானரின் நிறுவனங்கள் அல்லவா என வாதி வினவினார். நீதிமன்றம் போர்ட்டினாரியின் சொல்லையே ஏற்று, இலண்டன் முகாமையாளர்மீது வழக்கிடுமாறு வாதியை அனுப்பிற்று. ஒன்பது பொதிக் கம்பளியின் பெயரால், ‘ஒரு குடும்பம், பல நிறுவனங்கள்’ என்னும் கோட்பாடு சட்டத்தின் ஒப்புதலைப் பெற்றது.

அதே 1455 இற் பென்சி இறந்தார். அவருக்குப் பின் வந்த பிரான்செஸ்கோ சாசெத்தி கிளைக் கணக்குகளை அவ்வளவு கூர்ந்து நோக்கினாரல்லர். டி றூவர் வீழ்ச்சியின் காரணங்களுட் பலவற்றைச் சாசெத்தியின் தளர்ச்சியிலும், தொழிலறியாத லொரென்சோவின் அலட்சியத்திலும் காண்கிறார். அவரே சுட்டிய மற்றொரு காரணம் இவற்றினும் வலியது என்பது எனது கருத்து. வட ஐரோப்பாவில் இத்தாலியப் பட்டும் வாசனைப் பொருளும் விற்கப்பட்டன. பாப்பரசர்க்குரிய பணமும் அங்குத் திரண்டது. இப்பணம் தெற்கே வரவேண்டுமாயின் அதற்கு ஈடான பண்டம் வடக்கிலிருந்து வரல் வேண்டும். அத்தகைய பண்டம் ஆங்கிலக் கம்பளி ஒன்றே எனலாம். கம்பளியை ஏற்றுமதி செய்ய மன்னன் உரிமம் வேண்டும். உரிமம் பெற மன்னனுக்குக் கடன் கொடுத்தல் வேண்டும். பார்டியரை வீழ்த்திய பொறி இதுவேயன்றோ? முகாமையாளர் எவராயினும் இலண்டனிலே கிளை வைத்திருந்தால் அரண்மனை வாயிலுக்குச் சென்றே ஆகவேண்டும்.

சென்றனர். ரோசாப்பூப் போரில் ஈடுபட்டிருந்த நான்காம் எட்வேர்ட் கடனுக்குமேற் கடன் பெற்றான். 1470 இல் அவன் முடியிழந்து மறு ஆண்டு மீண்டான். மெடிசியரின் பணம் முழுதாக மீளவில்லை. இலண்டன் கிளை 1472 இற் புரூஜ் கிளையின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. அதன் நட்டமும் கூடவே சென்றது.

புரூஜிலோ, அன்று நீதிமன்றத்தில் வென்ற போர்ட்டினாரியே முகாமையாளர். பேர்கண்டிக் கோமகன் ‘துணிவுடைய’ சாள்சின் அவையிற் பெருமையுடன் உலவிய அவர், இளவரசர்க்குக் கடன் கொடுப்பதற்கு ஒப்பந்தம் இட்ட வரம்புகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்திக்கொண்டார். 1477 சனவரியில் நான்சிப் போரிற் கோமகன் மாண்டான், கடன் நின்றது. பேர்கண்டிக் கொடியுடன் சென்ற கிளையின் கலம் ஒன்றை 1473 இலே டான்சிக் நகரக் கடலோடி பவுல் பெனெக் கைப்பற்றியிருந்தான். அக்கலத்தில் முன்னாள் முகாமையாளர் ஆஞ்ஞோலோ தானிக்காக மெம்லிங் வரைந்த ‘இறுதித் தீர்வை’ ஓவியமும் இருந்தது. புளோரன்சுக்குப் போகவேண்டிய அவ்வோவியம் இன்றும் போலந்தின் கடான்ஸ்க் நகரிலேயே உள்ளது.

தெற்கிலும் இடி விழுந்தது. சாயத்தைத் துணியிற் பிடிக்கச் செய்யும் படிக்காரம் முன்னர்த் துருக்கியர் நிலத்திலிருந்தே பெரும்பாலும் வந்தது. பாப்பரசரின் தொல்பாவில் அது கண்டெடுக்கப்பட்ட பின், 1466 இல் மெடிசியர் அவ்வணிகத்தைப் பெற்றனர். 1476 இல் நான்காம் சிக்ஸ்டஸ் அதனைப் பாசி குடும்பத்துக்கு மாற்றினார். 1478 ஏப்பிரல் 26 இலே தேவாலயத்தினுள் லொரென்சோவின் தம்பி ஜுலியானோ கொல்லப்பட்டான். தொடர்ந்த பகையில் உரோமக் கிளையின் சொத்துகள் பறிமுதலாயின. பாப்பரசர் தமது கடனையும் மறுத்தார். வங்கியை வளர்த்த கையே அதனை அறைந்தது.

லியோன் கிளையின் கதை இழிவானது. அதன் முகாமையாளர் லியொனெத்தோ டி றொசி அறவிடமுடியாத கடன்களையும் இலாபம்போற் காட்டிவந்தார். 1485 இல் அவர் புளோரன்சுக்கு அழைக்கப்பட்டுச் சிறையிடப்பட்டார். சாசெத்தி தாமும் லியோனிற் பங்காளராதலின் கண்ணை மூடியிருந்தார் போலும்.

இங்கேதான் தனித்தனிப் பங்குடைமை என்னும் அரண் பயனற்றதாயிற்று. சட்டப்படி ஒரு கிளையின் கடன் மறு கிளையைச் சாராது. ஆயின் கிளைகள் ஒன்றின்மேல் ஒன்று உண்டியல் எழுதி, ஒன்றன் பணத்தை மற்றொன்று சுமந்து நின்றன. சட்டம் பிரித்ததை வணிகம் இணைத்துவிட்டது. மேலும், நகரின் தலைவராகிய லொரென்சோ தமது பெயர் தாங்கிய கிளையொன்றைக் கைகழுவிவிட்டுப் பிறநாட்டு மன்னரோடு அரசியல் பேசுதல் எங்ஙனம்? பொருளாதாரம் முழுவதுமே ஒடுங்கியிருந்த அப்பதின்ம ஆண்டுகளில் வேறு குடும்பங்களும் வீழ்ந்தன என்பது உண்மையே. ஆயினும் அவர்கள் தோல்வியை ஒப்பி ஒதுங்கலாம். மெடிசியர்க்கு அவ்வழியும் இருக்கவில்லை. அரசுப் பணத்தை லொரென்சோ தமது தேவைக்கு எடுத்தார் என்னும் குற்றச்சாட்டு எழுந்த சூழல் இதுவே.

சாசெத்தி 1490 இலும் லொரென்சோ 1492 இலும் மறைந்தனர். 1494 இல் எட்டாம் சாள்சின் பிரெஞ்சுப் படை இத்தாலியுட் புகுந்தது. லொரென்சோவின் மகன் பியரோ நகரை விட்டோடினான். வங்கியின் சொத்துகளைப் புதிய ஆட்சி கைப்பற்றிற்று. அவ்வேளையில் எஞ்சிய கிளைகள் சிலவே. அவையும் பெயரளவில் இயங்கின. பிரெஞ்சு வரலாற்றாசிரியரான பிலிப் டி கொமினும் வைப்பாளருள் ஒருவர். தமது காலத்து மன்னரின் சூழ்ச்சிகளையெல்லாம் நுணுகி எழுதிய அவ்வறிஞர், லியோன் கிளையில் இட்ட பணத்தைக் கேட்டு ஆண்டுக்கணக்காக மெடிசியர்க்குக் கடிதம் எழுதவேண்டியதாயிற்று. அப்பணம் அவருக்கு முழுமையாகக் கிடைத்ததில்லை.