கீழாநெல்லியும் மருந்தால் கெடும் கல்லீரலும்

மலேசியாவின் பொந்தியான் வட்டாரத்துச் செம்பனை, அன்னாசித் தோட்டங்களில் களையாக மண்டிக் கிடக்கும் கீழாநெல்லியை மலாய்க்காரர்கள் டுக்கோங் ஆனாக் என்கிறார்கள். மெல்லிய கிளையைப் புரட்டிப் பார்த்தால் இலைகளுக்கு அடியில் வரிசையாகச் சின்னஞ்சிறு காய்கள் தொங்கும். தமிழர் வீடுகளில் மஞ்சள் காமாலை என்றதும் செடியை வேரோடு பிடுங்கி, அரைத்து, மோரில் கலக்கிக் கொடுப்பது பழைய வழக்கம்.

இதிலுள்ள ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் என்ற இரு லிக்னான் சேர்மங்கள், கார்பன் டெட்ராகுளோரைடு தாக்கிய எலிக் கல்லீரல் செல்களைக் காத்ததாக 1985இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன் குழு, நோபல் பரிசு பெற்ற பாரூக் புளூம்பெர்க்குடன் சேர்ந்து, ஹெப்படைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்துப் பார்த்தது. 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் மேலுறைப் புரதம் மறைந்தது. செடியின் புகழ் அப்போது உச்சிக்குப் போனது. பிற நாடுகளில் நடந்த சோதனைகள் பல அதே பலனைத் தரவில்லை. எப்படியும் அது கிருமியால் வரும் கேடு. மருந்தால் வரும் கேட்டின் கதையே வேறு.

காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு உச்ச அளவு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. இதில் சிறு பங்கைக் கல்லீரல் நொதி ஒன்று நச்சுப் பொருளாக மாற்றுகிறது. கல்லீரலில் உள்ள குளுட்டாத்தயோன் என்ற சேர்மம் உடனுக்குடன் அதைப் பிடித்து அடக்கிவிடும். அளவு மீறினால் குளுட்டாத்தயோன் தீர்ந்துபோய், நச்சு செல்லின் புரதங்களில் ஒட்டிக்கொள்கிறது. முதல் நாள் குமட்டல் தவிரப் பெரிதாக ஒன்றும் தெரியாது. மருத்துவமனையில் தரும் அசிட்டைல்சிஸ்டீன் தீர்ந்த குளுட்டாத்தயோனை ஈடுசெய்கிறது. மாத்திரை விழுங்கிய எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன்.

மூலிகை ஆய்வுகள் பலவும் சறுக்குவது இங்கேதான். எலிக்குச் சில நாள் முன்னதாகவே சாற்றைக் கொடுத்துவிட்டு, பிறகுதான் நஞ்சைக் கொடுக்கிறார்கள். நோயாளியோ நஞ்சை விழுங்கிவிட்டு வருகிறார். போதாததற்கு, சாற்றைக் கரைக்கப் பயன்படும் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானே அந்த நொதியைத் தடுத்து, நச்சு உண்டாவதைக் குறைத்துவிடும். செல் பிழைத்தது மூலிகையாலா, கரைப்பானாலா என்று பிரித்துச் சொல்லாத ஆய்வை நம்புவதற்கில்லை.

நஞ்சு உள்ளே போன பிறகும் உதவும் தாவரச் சேர்மம் இல்லாமல் இல்லை. பால் முட்செடி விதையின் சிலிபினின், கொடிய காளான் நஞ்சு கல்லீரல் செல்லுக்குள் நுழையும் வாயிலை அடைக்கிறது. ஐரோப்பாவில் அதை ஊசியாகவே போடுகிறார்கள். அந்தக் காளான் நஞ்சுக்கு எதிராக உதவுவதால் பாராசிட்டமாலுக்கு எதிராகவும் உதவும் என்று கொள்ள முடியாது.

காக்க வந்த மூலிகையே கெடுப்பதும் உண்டு. கொரோனாக் காலத்தில் சீந்தில் குடித்த சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். மலேசியாவில் பலர் கசக்கக் கசக்கக் குடிக்கும் பாத்தாவாலி அதே பேரினத்தைச் சேர்ந்த கொடி. காசநோய் மாத்திரை சாப்பிடுபவர் இவற்றையும் சேர்த்துக் குடித்தால், கல்லீரலைக் கெடுத்தது எது என்று மருத்துவரால் கண்டுபிடிப்பது கடினம். குடிப்பதை அவரிடம் மறைக்கக் கூடாது. மலேசியாவில் கடையில் வாங்கும் பாரம்பரிய மருந்தின் உறையில் எம்.ஏ.எல். எனத் தொடங்கி டி என முடியும் பதிவு எண் இருக்க வேண்டும். அந்த எண் தரத்தையும் பாதுகாப்பையும் பார்த்துக் கொடுக்கப்படுவது. நோய் தீரும் என்பதற்கான சான்று அன்று.