அல்கோல் மொழியும் அறிஞர் பூசலும்



மொழிக்கு இலக்கணம் வகுக்க அறிஞர் கூடும் அவையிற் பூசல் எழுவது புதிதன்று. மக்கள் பேசும் மொழிகளுக்கே இது உரியதென்று எண்ணுதல் வேண்டா. கணினிக்குக் கட்டளையிடும் பொருட்டு வகுக்கப்பட்ட செயற்கை மொழிகளும் இதற்கு விலக்கல்ல. அவற்றுள் அல்கோல் என்னும் மொழியின் வரலாற்றை இன்று நோக்குவோம்.

1957ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் தன் கணினிக்கெனப் போர்ட்ரான் என்னும் மொழியை வெளியிட்டது. வேறு இடங்களிலும் வேறு வேறு மொழிகள் முளைத்தவண்ணம் இருந்தன. ஒரு கணினிக்கென எழுதிய செய்நிரல் மற்றொன்றுக்கு விளங்குவதில்லை. எனவே, எந்த நிறுவனத்துக்கும் உடைமையாகாத பொதுமொழி ஒன்று வேண்டுமென்னும் எண்ணம் அத்திலாந்திக் சமுத்திரத்தின் இரு கரைகளிலும் வலுப்பெற்றது. 1958ஆம் ஆண்டு மே மாத இறுதியில், சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில், அமெரிக்கர் நால்வரும் ஐரோப்பியர் நால்வருமாக எண்மர் கூடினர். போர்ட்ரானை ஆக்கிய குழுவின் தலைவரான ஜோன் பக்கஸும் அவர்களுள் ஒருவர்.

பெரிய செய்திகள் பலவற்றில் இணங்கிய அவ்வெண்மரும் மிகச் சிறியதொன்றில் முட்டிக்கொண்டனர். தசம எண்ணை எழுதும்போது அமெரிக்கர் புள்ளி இடுவர்; ஐரோப்பாவின் பெரும்பகுதியினர் காற்புள்ளி இடுவர். பொதுமொழியில் எதனை இடுவது? ஒருவர் மேசையை ஓங்கிக் குத்தி, தசமத்துக்குப் புள்ளியைத் தாம் ஒருபோதும் இடப்போவதில்லை என்று சூளுரைத்தாராம். அவையில் இருந்தோரே பிற்காலத்தில் இதனைக் கூறியுள்ளனர். சிரிப்புக்கிடமானதாகத் தோன்றினும், பழகிய எழுத்தை ஒருவன் எளிதில் விட்டுக்கொடான் என்பதை ஆசிரியத் தொழிலில் உள்ளோர் அறிவர்.

வழி கண்டவர் அமெரிக்கரான ஜோசப் வெக்ஸ்டைன். மொழியை மூன்று நிலைகளாகப் பகுக்கலாம் என்றார் அவர். இலக்கணம் வரையறுப்பதற்கு ஒரு வடிவம். நூல்களில் அச்சிடுவதற்கு ஒரு வடிவம். அந்தந்தக் கணினிக்குள் இடுவதற்கு ஒரு வடிவம். பொருள் ஒன்றாயிருக்க, எழுத்து இடத்துக்கேற்ப மாறலாம் என்பது இதன் கருத்து. பூசல் அடங்கியது.

ஆனால், எழுத்தைப் பற்றிய பூசலைத் தீர்த்த இவ்வழி, பொருளைப் பற்றிய பூசலைத் தீர்க்கவில்லை. 1960ஆம் ஆண்டு ஜனவரியில் பாரிஸ் நகரில் பதின்மூவர் கூடி மொழியைத் திருத்தினர். டென்மார்க் நாட்டினரான பீற்றர் நௌர் அறிக்கையைத் தொகுத்தார். பக்கஸ் வகுத்த குறியீட்டு முறையைச் செம்மைசெய்து, சூத்திரம் போன்ற சுருங்கிய விதிகளால் மொழியின் அமைப்பு முழுவதையும் அவர் எழுதினார். அக்கூட்டத்தில் எழுந்த வினாக்களுள் ஒன்று, ஒரு செய்முறை தன் பணியை முடிப்பதற்குத் தன்னையே மீண்டும் அழைக்கலாமா என்பது. ஒவ்வோர் அழைப்புக்கும் நினைவகத்திற் புதிய இடம் வேண்டும். எத்தனை அழைப்புகள் நேருமென முன்கூட்டி அறிதல் இயலாது. நினைவகம் மிக அருமையாயிருந்த காலம் அது. இவ்வசதியை வெளிப்படையாகச் சேர்க்கும் முன்மொழிவு ஏற்கப்படவில்லை.

கூட்டம் கலைந்தபின், பெப்ரவரி மாதத்தில் ஒல்லாந்து தேசத்து வான் வெயின்கார்டன், ஆம்ஸ்ரடாமிலிருந்து தொலைபேசியில் நௌரை அழைத்தார். அவருடைய இளைய சகபாடி டெய்க்ஸ்ட்ராவும் இம்முயற்சியிற் பங்குகொண்டவர். அவர்கள் கேட்ட ஒரு வாக்கியம் அறிக்கையிற் சேர்ந்தது. அவ்வாக்கியத்தால், செய்முறை தன்னைத் தானே அழைத்தல் முறையாயிற்று. ஜேர்மனியரான பிரெட்ரிக் பவர் இதனை ஆம்ஸ்ரடாம் சதி என்றே குறிப்பிட்டார். அவை ஒழுங்கை நோக்கின், அவருடைய சினம் நியாயமானதே. கூட்டத்தில் வெல்லாததைக் கம்பி வழியே நுழைத்தல் முறையன்று. பயனை நோக்கின், அவ்வொரு வாக்கியம் அறிக்கையின் சிறந்த வாக்கியங்களுள் ஒன்று எனலாம். இயலாதென்று பலர் கருதியதை இயற்றும் தொகுப்பான் ஒன்றை டெய்க்ஸ்ட்ராவும் அவர் துணைவர் ஒருவரும் அவ்வாண்டிலேயே ஆக்கிமுடித்தனர். இங்கிலாந்தின் டோனி ஹோர், தாம் கண்ட விரைவான வரிசைப்படுத்தும் முறையைத் தெளிவாக எழுதுவதற்கு அல்கோலின் இவ்வசதியே துணைநின்றது.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். தரவை உள்ளே பெறுவதற்கும் விடையை வெளியே தருவதற்கும் அல்கோல் 60 அறிக்கையிற் கட்டளை எதுவும் இல்லை. அறிஞர் இலக்கணமாகப் போற்றிய மொழி, தொழிற்சாலைகளில் போர்ட்ரானை வெல்லாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்த அல்கோலை வகுக்கும் பணியில் பிளவு முற்றியது. சுவிற்சர்லாந்து தேசத்து நிக்கலஸ் விர்ட் எளிய திருத்தங்களை முன்வைத்தார். குழுவோ, வான் வெயின்கார்டன் புதிதாய் வகுத்த ஈரடுக்கு இலக்கணத்தைத் தழுவியது. அதனை வாசித்து விளங்குவதே அறிஞருக்கும் அரிதாயிற்று. விர்ட்டும் நௌரும் விலகினர். 1968 டிசெம்பரில் மியூனிச் நகரில் அறிக்கை ஏற்கப்பட்டபோது, டெய்க்ஸ்ட்ரா, ஹோர் முதலிய எண்மர் மறுப்பறிக்கையிற் கையொப்பமிட்டனர். பெருஞ் செய்நிரல்களை நம்பத்தக்க வகையில் ஆக்குதற்கு இம்மொழி ஏற்ற கருவியன்று என்பது அவர்கள் வாதம். முன்பு தொலைபேசி முயற்சியில் ஒன்றாய் நின்ற ஒல்லாந்தர் இருவரும் இப்போது எதிரெதிர் அணியில் நின்றனர்.

விர்ட் தம் வழியே சென்று, 1970இல் பாஸ்கல் என்னும் சிறு மொழியை வெளியிட்டார். பல நாட்டு மாணவர் முதன்முதலிற் கற்கும் செய்நிரல் மொழியாக அது நெடுங்காலம் விளங்கிற்று. அதன் அறிக்கையிலும், பக்கஸ் வகுத்து நௌர் செம்மைசெய்த அதே குறியீட்டு முறையிலேயே விதிகள் எழுதப்பட்டிருந்தன.