லினக்ஸ் அப்டேட்டுக்குப் பிறகு கருப்புத் திரையா? ஃபார்மட் போடும் முன் ரிக்கவரி மோடைப் பாருங்க

ராத்திரி அப்டேட் போட்டுவிட்டுப் படுத்தாச்சு. காலையில் உபுண்டு லேப்டாப்பை ஆன் செய்தால் லோகோ வருகிறது, அப்புறம் வெறும் கருப்புத் திரை. கல்யாணில் இருப்பவர் என்றால் ஃபாஸ்ட் லோக்கல் பிடித்து தாதர், அங்கே வெஸ்டர்ன் லைன் மாறி கிராண்ட் ரோடு, பிறகு லாமிங்டன் ரோடு கடைகள் என்று ஒரு நாள் போய்விடும். கடைக்காரர் "ஃபார்மட் போட்டுடலாமா?" என்று கேட்டால் அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம். பழுதானது கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் என்றால், உங்கள் ஃபைல்கள் வட்டில் அப்படியே இருக்கும்.

ஏன் இப்படி ஆகிறது?

இன்டெல், ஏஎம்டி கார்டுகளுக்கான டிரைவர் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. என்விடியாவின் டிரைவர் வெளியே இருந்து வருவது. கெர்னல் மாறும்போதெல்லாம் அதற்குப் பொருத்தமான டிரைவரும் தயாராக வேண்டும். அது பாதியில் நின்றாலோ, செக்யூர் பூட் அதை ஏற்க மறுத்தாலோ டெஸ்க்டாப் வராமல் போகலாம். 2012-ல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து நடுவிரல் காட்டியது என்விடியாவுக்குத்தான். 2022 மே மாதம் அந்த நிறுவனம் தன் கெர்னல் பகுதியை ஓப்பன் சோர்ஸ் ஆக்கியது. ஆனால் அது டியூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தைய கார்டுகளுக்கும் மட்டும்தான்.

முதலில் சுலபமான இரண்டு

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்க. எழுத்து வடிவ லாகின் வந்தால் ரிக்கவரி மோடே தேவையில்லை, அங்கேயே வேலையை முடிக்கலாம். வரவில்லையா? லேப்டாப்பை மறுபடி ஆன் செய்து, எஸ்கேப் கீயைத் தட்டி (பழைய பயாஸ் மெஷின் என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடித்து) கிரப் மெனுவுக்குப் போங்க. 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே பழைய கெர்னல் ஒன்றும் இருக்கும். அதில் டெஸ்க்டாப் வந்துவிட்டால் அன்றைய ஆபீஸ் வேலை தப்பித்தது.

ரிக்கவரி மோடுக்குள்

அதே பட்டியலில் 'ரிக்கவரி மோடு' என்ற வரியும் இருக்கும். இது 'நோமோட்செட்' என்ற குறிப்போடு பூட் ஆவதால் கிராஃபிக்ஸ் டிரைவர் திரையைக் கையில் எடுப்பதில்லை. அதனால்தான் இங்கே மட்டும் திரை தெரிகிறது. வரும் மெனுவில் 'ரூட்' தேர்ந்தெடுத்தால் கட்டளை வரி கிடைக்கும். வட்டு படிக்க மட்டும் திறந்திருந்தால், எழுதும் அனுமதியோடு அதை ரீமவுண்ட் செய்ய வேண்டும்.

எதையும் நீக்கும் முன் வட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்க. நிரம்பி வழியும் வட்டும் இதே கருப்புத் திரையைக் காட்டும். அப்படியென்றால் மெனுவில் உள்ள 'கிளீன்' போதும்.

இடம் இருக்கிறது என்றால், 'ஆப்ட் பர்ஜ்' கட்டளையில் என்விடியா என்று தொடங்கும் பேக்கேஜ்கள் எல்லாவற்றையும் நட்சத்திரக் குறி போட்டு, ஒற்றை மேற்கோளுக்குள் கொடுத்து நீக்குங்க. 'ஒய்' அழுத்தும் முன் நீங்கப்போகும் பட்டியலைக் கட்டாயம் படியுங்க. உபுண்டு டெஸ்க்டாப்பே அதில் இருந்தால் நிறுத்திவிடுங்க. நீக்குவதற்கு இன்டர்நெட் வேண்டாம். என்விடியா தளத்திலிருந்து நேரடியாக இறக்கிப் போட்ட டிரைவர் என்றால் இந்த வழி உதவாது. அதற்கென்றே தனி அன்இன்ஸ்டாலர் இருக்கிறது.

முடிந்ததும் 'ரெஸ்யூம்' வேண்டாம், முழுசா ரீபூட் செய்யுங்க. ரெஸ்யூமில் நோமோட்செட் அப்படியே தொடரும், திரை மந்தமாகத்தான் இருக்கும். ரீபூட்டில் கெர்னலிலேயே உள்ள நூவோ என்ற டிரைவர் டெஸ்க்டாப்பைக் கொண்டுவரும். கேமிங்குக்கு அது போதாது, வைஃபையை இணைத்து 'அடிஷனல் டிரைவர்ஸ்' திறக்கப் போதும்.

எந்தப் பதிப்பை எடுப்பது?

செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஜிடிஎக்ஸ் 1050, 1060 லேப்டாப்களுக்கு இது முக்கியம். மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைகளுக்கு 580 வரிசைதான் கடைசி. 590-ல் அவற்றுக்கு இடமில்லை. 2025 டிசம்பரில் ஆர்ச் லினக்ஸ் 590-க்கு மாறியபோது, பாஸ்கல் கார்டு வைத்திருப்பவர்களுக்கு அப்டேட்டுக்குப் பின் டெஸ்க்டாப் வராமல் போகலாம் என்று முன்கூட்டியே எச்சரித்தது. உங்களிடம் இருப்பது அந்தக் கார்டு என்றால் 580-ஐயே எடுங்க.

கடைக்கே போவது என்று முடிவெடுத்தாலும் ஒரு விஷயம். உபுண்டுவில் ரூட் பாஸ்வேர்ட் தனியாக வைக்காதவரை, ரிக்கவரி மோடு எந்த பாஸ்வேர்டும் கேட்காமல் முழு அதிகாரத்தையும் கொடுத்துவிடும். வட்டை என்கிரிப்ட் செய்யவில்லை என்றால், மேஜையில் விட்டுவரும் லேப்டாப்பில் உள்ள ஆபீஸ் ஃபைல்களை அங்கிருக்கும் யாரும் திறந்து பார்க்கலாம்.