பன்றிக் கொள்ளைநோய் வந்த வழி

பழஞ்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிக்கும் புலவர், படியெடுத்தோர் விட்ட பிழைகளைக் கொண்டே எந்த ஏட்டிலிருந்து எந்த ஏடு பிறந்தது என்று துணிவர். நச்சுயிர்களின் வரலாற்றை ஆராயும் அறிஞரும் அம்முறையையே கையாளுகின்றனர். நச்சுயிர் பெருகுந்தோறும் அதன் மரபுப்பொருள் படியெடுக்கப்படுகிறது. இடையிடையே சில எழுத்துகள் மாறுகின்றன. அம்மாற்றங்களே நோய் வந்த வழியைக் காட்டுகின்றன.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இதற்குத் தக்க சான்று. இது மனிதரைத் தொற்றாது. கென்யாவில் குடியேறிய ஐரோப்பியரின் பன்றிகள் மடிந்ததை ஆராய்ந்த மாண்ட்கோமரி, 1921இல் இந்நோயை விவரித்தார். வார்ட்ஹாக் என்னும் காட்டுப்பன்றியும், அதன் வளையில் உறையும் உண்ணியும் இந்நச்சுயிரை நெடுங்காலமாகத் தாங்கி வந்துள்ளன. வார்ட்ஹாக்குக்கு அதனால் தீங்கில்லை. வளர்ப்புப் பன்றிக்கோ அது கூற்றுவன். ஒரு மரபணுவின் வேறுபாட்டைக் கொண்டு அறிஞர் இருபதுக்கும் மேற்பட்ட வகைகளைக் கண்டனர். அவற்றுட் பெரும்பாலானவை கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவிலேயே தங்கிவிட்டன.

கடல் கடந்து பரவியவை இரண்டே வகைகள். முதல் வகை 1957இல் லிஸ்பனை அடைந்தது. 1960இல் மீண்டும் நுழைந்து ஸ்பெயினுக்கும் பரவி, 1990கள் வரை அத்தீபகற்பத்தை வருத்தியது. 1970களின் இறுதியில் அது ஹெய்ட்டியை எட்டியது. நோயை ஒழிக்க அந்நாட்டின் பன்றிகள் அனைத்தும் கொல்லப்பட்டன. பன்றியே சேமிப்பாக, பிள்ளைகளின் படிப்புச் செலவாக இருந்த உழவர் குடும்பங்கள் வறுமையில் ஆழ்ந்தன.

இரண்டாம் வகை 2007இல் ஜார்ஜியாவிலும், 2018இல் சீனாவிலும், 2020இல் அஸ்ஸாம், அருணாசலப் பிரதேசம் ஆகிய இடங்களிலும் தோன்றியது. இவ்வளவு தொலைவு நச்சுயிர் தானே நடந்து வந்ததன்று. கப்பலிலும் விமானத்திலும் சென்ற இறைச்சியும், பன்றிக்கு இடப்பட்ட எச்சிலுணவும் அதற்கு வாகனமாயின. 2023இல் சீன அறிஞர், இவ்விரு வகைகளும் கலந்து பிறந்த புதிய வகையொன்றை அறிவித்தனர். தனித்தனியே திரிந்தவற்றை ஒன்றுகூட்டியதும் மனிதனின் போக்குவரத்தேயாம்.

இந்நோய்க்கு மருந்தில்லை. 1960களில் போர்ச்சுகலில் இடப்பட்ட தடுப்பூசியே பல பன்றிகளுக்கு நாட்பட்ட நோயைத் தந்தது. ஆதலின் காவலே முதன்மை. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் நாம், நோய் கண்ட இடத்திலிருந்து பன்றியிறைச்சியைக் கொண்டுசெல்லாதிருத்தல் வேண்டும். எச்சிலுணவை நன்கு கொதிக்க வைக்காமல் பன்றிக்கு இடலாகாது. ஏழையின் தொழுவம் பிழைப்பது இச்சிறு கட்டுப்பாட்டில் அடங்கியுள்ளது.