வாகன நிறுத்துமிடமும் வழிபாட்டு உரிமையும்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத் தலைநகரான அட்லாண்டாவுக்கு வடக்கே சாண்டி ஸ்பிரிங்ஸ் என்றொரு நகரம் உண்டு. 2005 டிசம்பரில்தான் அது தனி நகராட்சியாயிற்று. அதன் நகர மன்றம் 2009 டிசம்பர் 15ஆம் நாள் ஒரு விண்ணப்பத்தின்மீது முடிவெடுத்தது. ரோஸ்வெல் சாலையிலுள்ள அலுவலகக் கட்டடம் ஒன்றை வாங்கியிருந்த ஜார்ஜியா சயண்டாலஜி திருச்சபை, அதனை வழிபாட்டு இல்லமாக மாற்றிக்கொள்ள அனுமதி கோரியிருந்தது. கட்டடத்தின் பரப்பு 32,053 சதுர அடி. கீழ்த்தளத்தில் இருந்த வாகன நிறுத்துமிடத்தைச் சுவரெழுப்பி அறைகளாக்கினால் மொத்தம் 43,916 சதுர அடியாகும். மன்றம் வழிபாட்டுக்கு இசைந்தது, விரிவாக்கத்துக்கு இசையவில்லை. வருவோரின் வண்டிகளுக்கு இடம் போதாது என்பதே அங்கு எழுந்த வாதங்களுள் தலையாயது. 2010இல் திருச்சபை கூட்டாட்சி நீதிமன்றத்தின் படியேறியது.

எங்கோ ஒரு புறநகரில், நமக்கு எவ்விதத்திலும் உடன்பாடில்லாத ஒரு கூட்டத்தார் வண்டி நிறுத்துவது பற்றித் தொடுத்த வழக்கு நமக்கு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். ஆனால் அவர்கள் எந்தச் சட்டத்தைக் கையிலேந்திச் சென்றார்களோ, அதே சட்டத்தை ஏந்தித்தான் அமெரிக்க முஸ்லிம்களும் தம் பள்ளிவாசல்களுக்கான வழக்குகளை நடத்தியிருக்கிறார்கள். அவர்கள் எதிர்கொண்ட ‘வண்டி நிறுத்த இடமில்லை’ என்ற பதில் பள்ளிவாசல் கேட்டவர்களுக்கும் மிகப் பழக்கமானது.

சயண்டாலஜியைப் பற்றி முதலில் சிறிது. அறிவியல் புனைகதைகள் எழுதிவந்த எல். ரான் ஹப்பார்ட் (1911–1986) 1950இல் ‘டயனெட்டிக்ஸ்’ என்ற உளநல நூலை வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்த இயக்கம் 1950களின் நடுவே திருச்சபை என்ற பெயரைச் சூடிக்கொண்டது. பயிற்சிகளுக்குப் பெருந்தொகை வாங்குவதும், விலகியவர்களை நடத்தும் விதமும் அதன்மீது சொல்லப்படும் நெடுநாளைய குற்றச்சாட்டுகள். அமெரிக்க வருமான வரித் துறை 1993இல் அதற்குச் சமய நிறுவனங்களுக்குரிய வரிவிலக்கு அளித்தது. ஜெர்மனியோ 1997 முதல் அதனைத் தன் அரசியலமைப்புப் பாதுகாப்புத் துறையின் கண்காணிப்பில் வைத்தது. பாரிஸ் நீதிமன்றம் 2009இல் அதன் பிரெஞ்சுக் கிளையை மோசடிக் குற்றத்துக்காகத் தண்டித்தது. ஒரே அமைப்பு ஒரு நாட்டில் சமயம், இன்னொரு நாட்டில் ஐயத்துக்குரிய நிறுவனம்.

எது சமயம் என்று தீர்ப்பது அரசின் வேலையா? இவ்வினாவில் இங்கிலாந்து நீதிமன்றங்கள் நாற்பதாண்டு இடைவெளியில் இரு வேறு விடைகள் கூறின. வழிபாட்டிடங்களைப் பதிவுசெய்யும் 1855ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தம் ஆலயத்தைப் பதிய வேண்டுமென்று சயண்டாலஜியினர் கேட்டபோது, 1970இல் டென்னிங் பிரபு மறுத்தார். வழிபாடு என்றால் ஓர் இறைவனை அல்லது பரம்பொருளைப் பணிதல்; இவர்களிடம் இருப்பதோ மனித வாழ்வு பற்றிய ஒரு தத்துவம் என்பது அவர் கருத்து. பௌத்த விகாரைகளை என்ன செய்வது என்ற இடர் எழ, அவற்றை விதிவிலக்கு என்று ஒதுக்கினார். நம் காதுக்கு டென்னிங்கின் வரையறை இனிமையாகத்தான் ஒலிக்கிறது. இறைவனில்லாத வழிபாடு என்ன வழிபாடு என்று நாமும் கேட்போம். எனினும் நாம் கேட்பது வேறு, நீதிபதி கேட்பது வேறு. லண்டனிலுள்ள சயண்டாலஜி ஆலயத்தில் திருமணம் செய்ய விரும்பிய ஒரு பெண்ணின் வழக்கில், 2013 டிசம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைக் கைவிட்டது. இறைக்கொள்கை ஆராய்ச்சியில் பதிவாளரோ நீதிபதியோ இறங்கலாகாது, இறங்கினால் பௌத்தமும் சமணமும்கூட வெளியே நிற்க நேரும் என்பது டூல்சன் பிரபு எழுதிய தீர்ப்பின் சாரம். ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் இம்முடிவுக்கு 1983லேயே வந்துவிட்டது.

அமெரிக்காவில் வினா வேறு வடிவில் எழுந்தது. அங்கே நகராட்சி ‘நீ சமயமா?’ என்று கேட்பதில்லை. ‘உன் நிலம் எந்த மண்டலத்தில் இருக்கிறது?’ என்றே கேட்கும்.

ஊரை மண்டலங்களாக வகுத்து, இங்கே வீடு, இங்கே கடை, இங்கே ஆலை என்று விதிக்கும் முறைக்கு அங்கு நூறாண்டுக்குச் சற்று மிகுந்த வயதுதான். நியூயார்க் நகரம் 1916இல் முழு நகரத்துக்குமான மண்டல விதிகளை இயற்றியது. ஒஹாயோவிலுள்ள யூக்ளிட் என்ற சிற்றூரின் விதிகளை 1926இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதிலிருந்து நாடெங்கும் அவை பரவின. தொழுவத்தில் இருக்க வேண்டிய பன்றி வரவேற்பறையில் இருந்தால் தொல்லைதானே என்ற உவமை அத்தீர்ப்பில் வருகிறது. நியாயமான உவமைதான், யாரைத் தொழுவத்துக்கு உரியவர் என்று கருதுகிறோம் என்பதில்தான் சிக்கல். மண்டல முறைக்கு முன்பே அதற்கு ஒரு முன்னுரை எழுதப்பட்டுவிட்டது. மரக் கட்டடத்தில் சலவைக்கூடம் நடத்த அனுமதி வேண்டும் என்று சான் பிரான்சிஸ்கோ நகரம் 1880இல் விதித்தது. தீ விபத்துத் தடுப்பு என்று காரணம் சொல்லப்பட்டது. ஏறத்தாழ இருநூறு சீனர்கள் விண்ணப்பித்தனர், ஒருவருக்கும் கிடைக்கவில்லை. சீனரல்லாத எண்பது பேர்வரை விண்ணப்பித்தனர். ஒருவர் தவிர அனைவருக்கும் கிடைத்தது. எழுத்தில் நடுநிலையாக இருக்கும் விதி, தீய கண்ணோடும் ஏற்றத்தாழ்வான கையோடும் செயற்படுத்தப்பட்டால் அது நீதியாகாது என்று 1886இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இதனினும் தெளிவாக இன்றுவரை யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

மிசிசிப்பி மாநிலத்தின் ஸ்டார்க்வில் என்னும் பல்கலைக்கழக ஊருக்கு வருவோம். அங்குப் பயின்ற முஸ்லிம் மாணவர்கள் வளாகத்தின் அருகே ஒரு வீட்டைத் தொழுமிடமாக்க விரும்பினர். குடியிருப்புப் பகுதியில் வழிபாட்டிடம் அமைக்க நகரின் தனி அனுமதி தேவை. ஊரில் இருபத்தைந்து கிறிஸ்தவ ஆலயங்கள் இருந்தன. அனுமதி கேட்ட மற்ற ஆலயங்களுக்கெல்லாம் அது கிடைத்திருந்தது. மறுக்கப்பட்டது பள்ளிவாசலுக்கு மட்டும். காரணம், போக்குவரத்து நெரிசல், வண்டி நிறுத்த இடமின்மை. பக்கத்திலேயே ஒரு கிறிஸ்தவக் குழு அதே தெருவையும் அதே நெரிசலையும் பயன்படுத்தித் தடையின்றி வழிபாடு நடத்திவந்தது. ஊருக்கு வெளியே போய் வைத்துக்கொள்ளுங்கள் என்பது நகரத்தார் யோசனை. ஐவேளைத் தொழுகைக்குச் சொந்த வண்டியில்லாத மாணவன் ஊர் எல்லைக்கு வெளியே எப்படிப் போவான்? 1988இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதனைக் கூர்ந்து கவனித்தது. வாகனமில்லாதவர்க்கு எட்டாத பள்ளிவாசலைக் காட்டுவது வழிபாட்டு உரிமைக்குச் சுமையே என்று கூறி மாணவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. சிறப்புச் சட்டம் ஏதுமின்றி, அரசியலமைப்பின் முதல் திருத்தத்தை மட்டுமே வைத்துப் பெற்ற வெற்றி அது.

ஈராண்டுகளில் அந்த அடித்தளமே ஆட்டங்கண்டது. ஒரிகன் மாநிலத்துப் பூர்வகுடித் திருச்சபையின் சடங்கில் பெயோட்டி என்ற போதைதரும் கள்ளியை உட்கொண்டதற்காக வேலையிழந்த இருவர், வேலையில்லா உதவித்தொகை கேட்டு வழக்காடினர். எல்லார்க்கும் பொதுவான ஒரு சட்டம் சமய ஒழுக்கத்தைத் தற்செயலாகப் பாதித்தால் அதற்காக அரசு தனிக் காரணம் காட்ட வேண்டியதில்லை என்று 1990இல் உச்ச நீதிமன்றம் முடிவுசெய்தது. இடதும் வலதும் ஒருசேரக் கொதித்தன. 1993இல் காங்கிரஸ் ஒரு மீட்புச் சட்டம் கொண்டுவந்தது. டெக்சாஸின் பொயர்னி என்ற ஊரில், இடம் போதாத கத்தோலிக்க ஆலயத்தைப் பெரிதாக்க நகரம் மறுத்ததால் எழுந்த வழக்கில், அச்சட்டம் மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது என்று 1997இல் உச்ச நீதிமன்றம் அதை வெட்டிச் சுருக்கியது. அதன் பிறகே 2000 செப்டம்பரில் அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டம் பிறந்தது. சமய நிறுவனங்களின் நிலப் பயன்பாட்டையும் சிறையிலிருப்போரின் சமய உரிமையையும் அது ஒருங்கே காக்கிறது. எதிரெதிர்க் கட்சியினரான ஹாட்ச்சும் கென்னடியும் செனட்டில் சேர்ந்து முன்மொழிந்தது. போக்குவரத்து, அழகு, நகரத் திட்டத்துக்குப் பொருந்தாமை போன்ற மங்கலான காரணங்களுக்குப் பின்னே பாகுபாடு ஒளிந்திருப்பதுண்டு என்று அவ்விருவரும் தம் கூட்டறிக்கையில் பதிவுசெய்தனர்.

சட்டம் சொல்வது இது: வழிபாட்டின்மீது பெருஞ்சுமை ஏற்றும் நில விதியை, மிக இன்றியமையாத அரசு நலன் இருந்தாலன்றி, அதிலும் மிகக் குறைந்த கட்டுப்பாடுள்ள வழியிலன்றிச் செயற்படுத்தக்கூடாது. மக்கள் கூடும் பிற நிறுவனங்களைவிடத் தாழ்வாக வழிபாட்டிடத்தை நடத்தக்கூடாது. சமயத்துக்குச் சமயம் வேறுபாடு காட்டக்கூடாது. ஊரைவிட்டு அடியோடு விலக்கவும் கூடாது.

‘பெருஞ்சுமை’ என்பதை அளப்பது எப்படி? ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடு நகரில் இரு யூத ஆலயங்கள் தொடுத்த வழக்கில் 2004இல் ஒரு விடை கிடைத்தது. சபாத் நாளில் வண்டியேறாத யூதர் இன்னும் சில தெருக்கள் கூடுதலாக நடப்பது பெருஞ்சுமையன்று. ஆனால் தனியார் மன்றங்கள் கூடலாம், ஆலயம் கூடாது என்பது சமமின்மை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் பிரித்துரைத்தது. ஜார்ஜியாவையும் கட்டுப்படுத்தும் நீதிமன்றம் அது. ஆகவே சாண்டி ஸ்பிரிங்ஸ் வழக்கும் இந்த அளவுகோலைக் கொண்டே பார்க்கப்பட்டது. நகரத்தின் பக்கத்திலும் கனமான வாதம் இருந்தது: வழிபாடு மறுக்கப்படவில்லை, இருக்கும் பரப்பில் தாராளமாக நடத்தலாம், நிறுத்துமிடத்தை அடைத்துவிட்டு ஆட்களைக் கூட்டினால் வண்டிகள் அயலார் தெருக்களில்தானே நிற்கும்? எங்கள் சடங்குகளுக்கும் பயிற்சிகளுக்கும் இன்னின்ன அறைகள் தேவை, பரப்பைக் குறைப்பது சமயத்தைக் குறைப்பதே என்பது திருச்சபையின் பதில். 2012இல் நீதிமன்றம் கோரிக்கைகளுள் சிலவற்றைத் தள்ளி, சிலவற்றை விசாரணைக்குரியவை என நிறுத்தியது. விசாரணை நடைபெறுமுன் இரு தரப்பும் சமரசமாயின. 2016 ஏப்ரலில் அக்கட்டடம் திறக்கப்பட்டது.

அதே அட்லாண்டாப் பெருநகர வட்டத்தில், அதே ஆண்டுகளில், லில்பர்ன் என்ற சிறு நகரில் ஒரு ஷியா சமூகத்தார் தம் பள்ளிவாசலை விரிவாக்க முயன்றுகொண்டிருந்தனர். 2009இல் மறுப்பு; திட்டத்தைச் சுருக்கிக்கொண்டு மறுபடி கேட்டதற்கு 2010இல் மறுப்பு. மத்திய நீதித்துறை தலையிட்ட பிறகு 2011 ஆகஸ்டில் நகரம் இணங்கிற்று. சயண்டாலஜியினருக்கு உதவிய அதே 2000ஆம் ஆண்டுச் சட்டமே இங்கும் சாவியாயிற்று.

டென்னசியின் மர்ஃப்ரீஸ்பரோவில் நிகழ்ந்தது இன்னும் கசப்பானது. 2010 மே மாதத்தில் பள்ளிவாசலுக்கு அனுமதி கிடைத்தது. எதிர்த்தவர்கள் நீதிமன்றத்துக்குப் போய், இஸ்லாம் ஒரு சமயமே அல்ல, ஓர் அரசியல் கொள்கை என்று வாதிட்டனர். ஆயிரத்து நானூறு ஆண்டு வரலாறுடைய மார்க்கம் சமயம்தான் என்று மத்திய நீதித்துறையே அந்நீதிமன்றத்தில் எழுத்து வாதம் தாக்கல்செய்ய வேண்டியிருந்தது! கட்டுமான இடத்தில் எந்திரத்துக்குத் தீ வைக்கப்பட்டது. 2012இல் மாநில நீதிபதி ஒருவர், கூட்ட அறிவிப்புப் போதாது என்று சொல்லி அனுமதியைச் செல்லாததாக்கினார். ஜூலையில் நீதித்துறை இந்தச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுக்க, கூட்டாட்சி நீதிமன்றம் ஆணையிட்டது. ஆகஸ்டில், ரமளான் மாதம் முடியுமுன், பள்ளிவாசல் திறந்தது. ‘இது சமயமே அல்ல’ என்ற கருவி சயண்டாலஜிக்கென்று வடிக்கப்பட்டாலும் அவர்களோடு நின்றுவிடாது என்பதற்கு இதனினும் வேறு சான்று தேடவேண்டியதில்லை. நிலப் பயன்பாட்டில் நீதித்துறை இச்சட்டத்தின்கீழ் நடத்திய புலனாய்வுகளில் பள்ளிவாசல், இஸ்லாமியப் பள்ளிக்கூடங்கள் தொடர்பானவை 2010 வரையில் 15 விழுக்காடு. 2010 முதல் 2016 நடு வரையில் 38 விழுக்காடு.

வண்டிகளை எண்ணும் கலை உச்சத்தை எட்டியது நியூ ஜெர்சியின் பெர்னார்ட்ஸ் நகரியத்தில்தான். அங்குள்ள இஸ்லாமியச் சங்கம் 2012 ஏப்ரலில் விண்ணப்பித்தது. 39 பொதுக் கூட்டங்கள், ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். விண்ணப்பித்தவர்களின் தலைவரோ அதே ஊரின் முன்னாள் மேயர். நகரிய விதிப்படி தேவாலயங்களுக்கு மூன்று இருக்கைக்கு ஒரு வண்டியிடம் போதும். 150 பேர் தொழும் பள்ளிவாசலுக்கு அக்கணக்கில் 50. ஆனால் பள்ளிவாசல் தேவாலயம் போன்றதன்று, வெள்ளி நண்பகலில் கூட்டம் சேரும் என்று சொல்லி 107 கேட்டனர். கூடுதல் வண்டியிடம் போட்டதும் மழைநீர் வடிகால் போதாமற்போயிற்று. வடிகாலைத் திருத்தியதும் வேறொன்று. ஜும்ஆ நேரத்து நெரிசல் மெய்யான சிக்கல் என்பதை நம் ஊர்ப் பள்ளிவாசல் தெருக்களில் நின்றவர் எவரும் மறுக்கமாட்டார். ஆயினும் ஞாயிறு காலை தேவாலயத்தில் சேரும் கூட்டத்துக்குப் போடாத கணக்கை வெள்ளிக்கு மட்டும் போட்டதைத்தான் நீதிபதி கேட்டார். நகரியத்தின் விதியிலேயே ‘தேவாலயம்’ என்பதன் வரையறை பிற வழிபாட்டிடங்களையும் உள்ளடக்கியிருந்தது. 2016 டிசம்பர் 31 அன்று, முழு விசாரணைக்கும் காத்திராமல், நகரியம் பாகுபாடு காட்டியதென்று அவர் தீர்ப்பளித்தார். 2017 மே மாத உடன்படிக்கையில் நகரியம் 32.5 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. பள்ளிவாசலுக்கும் அனுமதி கிடைத்தது. வாகன நிறுத்துமிடங்களின் எண்ணிக்கை 50.