மண்ணைக் காக்க உழவர் அமைத்த மாவட்டங்கள்

1935ஆம் ஆண்டு ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் ஓக்லஹோமா, டெக்சஸ் சமவெளிகளில் எழுந்த புழுதிப்புயல் பகலை இரவாக்கியது. கோதுமைக்காகப் புல்வெளிகளை உழுது தள்ளியதும் தொடர் வறட்சியும் சேர்ந்து செய்த வினை அது. இரண்டே வாரத்தில், ஏப்ரல் 27இல், மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கான துறைக்கு ஹியூ ஹேமண்ட் பென்னெட் தலைவரானார்.

சட்டம் வந்துவிட்டது, சரி. வாஷிங்டனிலிருந்து அதிகாரி வந்து 'இப்படித்தான் உழ வேண்டும்' என்றால் எந்த உழவர் கேட்பார்?

இதனையுணர்ந்தே 1937 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் மாநில ஆளுநர்களுக்கு ஒரு மாதிரிச் சட்டத்தை அனுப்பினார். அதன்படி, விவசாயிகளே மனுக் கொடுத்து, வாக்களித்து, தங்கள் வட்டாரத்தை மண் பாதுகாப்பு மாவட்டமாக அமைத்துக்கொள்ளலாம். ஐந்து மேற்பார்வையாளர்களில் மூவரை அவர்களே தேர்ந்தெடுப்பர். முதல் மாவட்டமான பிரவுன் கிரீக், அதே ஆண்டு ஆகஸ்டு 4இல் வட கரோலினாவில் உருவானது. பென்னெட் பிறந்த ஆன்சன் வட்டாரத்திலேயே அது அமைந்தது குறிப்பிடத்தக்கது.

மண்ணைக் கெடுக்கும் உழவைத் தடைசெய்ய விதி வகுக்கும் அதிகாரமும் மாதிரிச் சட்டத்தில் இருந்தது. பல மாநிலங்கள் அதை ஏற்கவில்லை. ஏற்ற இடங்களிலும் அது அபூர்வமாகவே பயன்பட்டது. நாளும் முகம் பார்க்கும் பக்கத்து நிலத்துக்காரர்மீது நடவடிக்கை எடுக்க யாருக்குத்தான் மனம் வரும்? ஆலோசனையும் மானியமுமே மாவட்டங்களின் வழியாயின. இன்று அமெரிக்கா முழுவதும் ஏறத்தாழ 3,000 மாவட்டங்கள் அவ்வழியிலேயே இயங்குகின்றன.