கேபினட் வித் எஸ்எம்பிஎஸ்: ஒரு கொட்டேஷன் தாளின் வரலாறு

அக்கா பையன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான். ஓவர்டைம் காசைச் சேர்த்து 75,000 ரூபாய் வைத்திருக்கிறான். கேம் ஆட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், சொந்தக் காசில் வாங்கும் முதல் கம்ப்யூட்டர். ஊத்துக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து ரிச்சி ஸ்ட்ரீட் போய், ஒரு கடையில் கொட்டேஷன் எழுதி வாங்கி, வாட்ஸப்பில் அனுப்பினான். "மாமா, இது ஓகேவா பாத்து சொல்லுங்க."

எட்டு வரி. பிராசஸர், போர்டு, ராம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர், கீபோர்டு மவுஸ் எல்லாவற்றுக்கும் கம்பெனி பெயரும் மாடல் எண்ணும் இருந்தன. ஒரு வரியில் மட்டும் இரண்டுமே இல்லை: "கேபினட் வித் எஸ்எம்பிஎஸ், 450 வாட்." விலையும் அதற்குத்தான் குறைச்சல்.

இந்த வரியை நான் இருபது வருஷத்துக்கு மேலாகப் பார்த்து வருகிறேன். பென்டியம் 4 காலத்துக் கொட்டேஷனிலும் இதே வார்த்தைகள்தான். மற்ற ஏழு வரிகளும் தலைகீழாக மாறிவிட்டன, இது மட்டும் மாறவில்லை. ஏன் என்று தேடப் போனதில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

முதல் கேள்வி, பாகம் பாகமாகத் தேர்ந்தெடுக்கும் வசதி நமக்கு எப்படி வந்தது? டிவி வாங்கும்போது யாரும் பிக்சர் டியூப் ஒரு கடையில், கேபினெட் ஒரு கடையில் என்று வாங்குவதில்லையே.

காரணம் ஐபிஎம் கம்பெனியின் அவசரம். 1981 ஆகஸ்ட் 12 அன்று அவர்கள் வெளியிட்ட 5150 என்ற பர்சனல் கம்ப்யூட்டரில் முக்கியமான பல பாகங்கள் வெளியில் வாங்கியவை. பிராசஸர் இன்டெல் 8088, ஆபரேட்டிங் சிஸ்டம் மைக்ரோசாஃப்ட். மற்றவர்களும் கார்டு செய்து விற்கட்டும் என்று சர்க்யூட் வரைபடங்களையும் பயாஸ் நிரலையும் கையேடாக அச்சிட்டு விற்றார்கள். பயாஸுக்கு மட்டும் பதிப்புரிமை இருந்தது. காம்பேக் கம்பெனி அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தது. ஐபிஎம் நிரலைப் படித்தவர்கள் அது என்ன செய்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். அதைக் கண்ணாலும் பார்க்காத வேறு ஆட்கள் புதிதாக நிரல் எழுதினார்கள். 1984-இல் ஃபீனிக்ஸ் கம்பெனி இப்படிச் செய்த பயாஸை யாருக்கு வேண்டுமானாலும் விற்க ஆரம்பித்ததும், தைவானில் போர்டு செய்பவர்களுக்குக் கதவு திறந்துவிட்டது.

அந்த முதல் 5150-இல் இருந்த பவர் சப்ளை எத்தனை வாட் தெரியுமா? 63.5. இன்றைக்கு ஆர்டிஎக்ஸ் 5060 என்ற நடுத்தர கிராபிக்ஸ் கார்டு ஒன்றே 145 வாட் சாப்பிடும்.

இந்தியாவில் கதை வேறு மாதிரி. வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் பங்கைக் குறைக்க வேண்டும் என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு உடன்படாமல் ஐபிஎம் 1978-லேயே நாட்டை விட்டுப் போய்விட்டது. ஆகவே நம்மூர் பிசி பிறக்கும்போதே நகல்தான். 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு கொண்டுவந்த புதிய கம்ப்யூட்டர் கொள்கை இறக்குமதியைத் தளர்த்தியதும் பாகங்கள் வர ஆரம்பித்தன. தகவல் தொழில்நுட்பப் பொருள் ஒப்பந்தத்தில் 1997-இல் இந்தியா சேர்ந்த பிறகு சுங்க வரி படிப்படியாகக் குறைந்து 2005-க்குள் பெரும்பாலும் பூஜ்யமாகிவிட்டது. முழு மெஷினை வாங்குவதைவிட பாகமாக வாங்கிப் பூட்டுவது சல்லிசு என்ற நிலைமை அந்த வருஷங்களில்தான் கெட்டிப்பட்டது.

அதைப் பூட்டிக் கொடுக்கச் சென்னையில் ஒரு தெரு ஏற்கெனவே தயாராக இருந்தது. மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டும் நரசிங்கபுரம் தெருவும் கம்ப்யூட்டருக்கு முன்னால் ரேடியோ ஸ்பேர்பார்ட்ஸ் விற்ற தெருக்கள். வால்வு, டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர் என்று உதிரியாக வாங்கி வீட்டில் ரேடியோ செய்தவர்கள் அங்கே வாடிக்கையாளர்கள். பாகங்களை விலைபேசி வாங்கி ஒன்றாகக் கோக்கும் பழக்கம் அந்தத் தெருவுக்குக் கைவந்த கலை. மதர்போர்டு வந்ததும் அதே கவுண்டரில் அதையும் வைத்தார்கள், அவ்வளவுதான்.

அந்தக் காலத்து டெக்னீஷியன் யாரைக் கேட்டாலும் ஒரு பாடம் சொல்வார்: "கறுப்போடு கறுப்பு." பவர் சப்ளையிலிருந்து போர்டுக்கு இரண்டு பிளக் வரும். இரண்டின் கறுப்பு வயர்களும் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்படி மாட்ட வேண்டும். மாற்றி மாட்டினால் போர்டு புகைந்துவிடும். 1995-இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறையை வெளியிட்டு இரண்டையும் ஒரே பிளக்காக்கியது. அதோடு பவர் சப்ளையைப் பற்றிக் கவலைப்படும் பழக்கமும் போய்விட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஏனென்றால் விற்பனை வேறு எண்களில் நடந்தது. முதலில் மெகாஹெர்ட்ஸ். பிறகு ராம். 2014 வாக்கில் வந்த ஜிடி 730 கார்டு நல்ல உதாரணம். அதே பெயரில் வேகமான ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு ஒரு வகை, மெதுவான டிடிஆர்3-ஓடு இன்னொரு வகை. மெதுவானதில் 4 ஜிபி போட்டும் விற்றார்கள். "4 ஜிபி கார்டு சார்" என்று சொன்னால் 1 ஜிபி வேகக் கார்டை யார் வாங்குவார்? ஆட்டம் ஓடும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் அந்த எண் வாட். இங்கேதான் சூட்சுமம். பவர் சப்ளை 3.3, 5, 12 என்று மூன்று வோல்ட்டில் மின்சாரம் தரும். பென்டியம் 3 காலம் வரை பிராசஸர் பெரும்பாலும் 5 வோல்ட் பக்கமிருந்துதான் எடுத்தது. 2000-இல் பென்டியம் 4 வந்தபோது சுமை 12 வோல்ட்டுக்கு மாறியது, அதற்கென்றே போர்டில் நாலு முனை பிளக் ஒன்று தனியாக வந்தது. பின்னால் வந்த கிராபிக்ஸ் கார்டுகளும் 12 வோல்ட் ஆட்கள்தான். போர்டின் ஸ்லாட் வழியாக 75 வாட் வரை எடுக்கும், எட்டு முனை பிளக் வழியாக இன்னொரு 150 வரை.

விலை மலிவான எஸ்எம்பிஎஸ் இந்த மாற்றத்தைக் கண்டுகொள்ளவில்லை. மூன்று வோல்ட்டையும் கூட்டி, கொஞ்ச நேரம் மட்டுமே தாங்கும் உச்ச அளவையும் சேர்த்து, மேலே 450 என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பக்கவாட்டு லேபிளில் "12வி 16ஏ" என்று பொடி எழுத்தில் இருந்தால் கணக்கு 12 × 16 = 192 வாட். உண்மையில் உபயோகப்படுவது அதுதான். அளவு மீறினால் தானாக நின்றுவிடும் பாதுகாப்பும் பல சமயம் அதில் இருக்காது. சாகும்போது தனியாகச் சாகாமல் போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

கடைக்காரர்களை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. நாம் நாலு கடையில் மொத்தத் தொகையைத்தானே ஒப்பிடுகிறோம். பெயர் எழுதிய வரியில் கைவைத்தால் மாட்டிக்கொள்வார்கள். பெயரில்லாத வரிதான் குறைக்கத் தோதான இடம்.

எங்கள் பக்கத்துக்கு இது இரட்டைச் சிக்கல். 2008-இல் தொடங்கி 2012-இல் உச்சத்துக்குப் போன மின்வெட்டில் சென்னைக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் என்றால் மாவட்டங்களில் அதைப்போலப் பல மடங்கு. கரண்ட் போவதைவிடத் திரும்பி வரும்போதுதான் ஆபத்து. ஊத்துக்கோட்டைக்கும் சென்னைக்கும் ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். ஆனால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் எழுதும் கொட்டேஷன் எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மரை நினைத்து எழுதப்படுவதில்லை.

அந்த வருஷங்களில்தான் இன்னொன்றும் நடந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். எங்கள் மாவட்டத்தில் பல வீடுகளுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். பேட்டரி இருந்ததால் மின்வெட்டிலும் ஓடியது, நல்ல விஷயம். ஆனால் அதில் பிராசஸரோ கிராபிக்ஸோ நாமாக மாற்ற வழியில்லை. ஆகவே அதில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு பாகம் தேர்ந்தெடுப்பது இப்போதுதான் முதல் தடவை. பையனும் அந்த வகையறாதான். கார்டின் மாடல் எண் எல்லாம் யூடியூப் பார்த்து அத்துப்படி. எஸ்எம்பிஎஸ் என்றால் "அது கேபினட்டோட வரும்ல மாமா?"

சமீப வரலாறும் அவன் பட்ஜெட்டைத் தொடுகிறது. எத்தீரியம் எடுப்பவர்கள் 2020-க்குப் பிறகு கார்டுகளை அள்ளிக்கொண்டு போனதில் விலை எகிறியது. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் முறையை மாற்றிக்கொண்டதும் அந்தக் கார்டுகள் செகண்ட் ஹேண்டில் கொட்டின. இப்போதும் அவற்றில் சில சுற்றிக்கொண்டிருக்கின்றன, வாரண்டி இல்லாமல் தொடாதே என்றேன். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களின் பசியால் ராம் விலை கிடுகிடுவென ஏறியது. அதனால் 32 ஜிபி ஆசையை விட்டு 16-இல் நிற்கச் சொன்னேன், பின்னால் சேர்க்க போர்டில் ஸ்லாட் காலியாக இருந்தால் போதும்.

பிராசஸருக்கு ரைசன் 5 வகையில் ஆறு கோர் போதும். போர்டில் மட்டும் யோசிக்க வேண்டும். 2016-இல் வந்த ஏஎம்4 சாக்கெட்டுக்குப் பல வருஷங்கள் புதுப்புது பிராசஸர்கள் வந்துகொண்டிருந்தன. இப்போது அந்த இடத்தில் இருப்பது ஏஎம்5. காசு இடித்தால் ஏஎம்4, இல்லையென்றால் ஏஎம்5. கிராபிக்ஸ் கார்டுக்கு மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலேயே போகலாம், கேம் மெஷினில் அது நியாயம்.

கேபினட்டின் கலர் லைட்டில் வெட்டி, எஸ்எம்பிஎஸ்ஸைத் தனி வரியாக எழுதச் சொன்னேன். கம்பெனி பெயர், மாடல், 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ். ஏறக்குறைய 4,500 ரூபாய். 80 பிளஸ் என்பது மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதற்கான முத்திரை மட்டும்தான். அதனால் 12 வோல்ட் ஆம்பியரைத் தனியாகப் பார்க்கணும், 40-க்கு மேல் இருந்தால் நல்லது. ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண்ணோடு வரட்டும். "பில் இல்லாம 18 பர்சென்ட் குறையும் மாமா" என்றான். குறையும், வாரண்டியும் சேர்ந்து குறையும்.

கடைசியாக யூபிஎஸ். ஊரில் சுலபமாகக் கிடைக்கும் 600 விஏ யூபிஎஸ் தருவது பொதுவாக 360 வாட்தான். கார்டு 145, பிராசஸர் 65-லிருந்து 90, மானிட்டர், மற்றது எல்லாம் கூட்டினால் ஆட்டம் சூடுபிடிக்கும்போது அதன் விளிம்புக்குப் போய்விடும். 1000 விஏ வாங்கு, இந்த மாதம் முடியாவிட்டால் அடுத்த மாதச் சம்பளத்தில் வாங்கு, அதுவரை மழையில் இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்கி வை என்று சொல்லியிருக்கிறேன். தாளைத் திருத்தி எழுதிக்கொண்டு சனிக்கிழமை மறுபடி ரிச்சி ஸ்ட்ரீட் போகிறான்.